இரவுக் கடமைக்குப் பின் எழுதுவது
தாதியரின் மீள்நோக்குக் குறிப்புகள் பற்றி

சில காலத்துக்கு முன் ஒரு இலக்கியச் சந்திப்பில், தேநீர் இடைவேளையின்போது நண்பர் ஒருவர் கேட்டார். "இவ்வளவு வருஷமா ஆஸ்பத்திரியிலை நிக்கிறீங்கள். ஏன் அக்கா ஒண்டும் எழுதேல்லை?" எழுதுகிறேன், மூன்று வருடத்துக்கு ஐந்து எழுதுகிறேன், எழுதாவிட்டால் என்னை வேலை செய்ய விடமாட்டார்கள் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. அன்றைக்கு விளக்கம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

பிரித்தானியாவில் பதிவுபெற்ற தாதி ஒருவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி இதற்கு அந்த மூன்று வருடங்களில் 450 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும், 35 மணித்தியாலம் படித்திருக்க வேண்டும், நோயாளரிடமிருந்தோ சக ஊழியரிடமிருந்தோ ஐந்து அபிப்பிராயங்கள் பெற்றிருக்க வேண்டும். கூடவே ஐந்து எழுத்துக் குறிப்புகள். வேலையிலோ படிப்பிலோ நடந்த ஒன்றை எடுத்து, என்ன நடந்தது, அதிலிருந்து எதைக் கற்றாய், அதன் பிறகு உன் வேலையில் எதை மாற்றினாய் என்று எழுதி, அதைப் பதிவுபெற்ற இன்னொரு தாதியுடன் இருந்து பேச வேண்டும். இந்தக் குறிப்பை இங்குள்ளவர்கள் 'றிஃப்ளெக்‌ஷன்' என்கிறார்கள். மீள்நோக்கு என்று தமிழில் சொல்லிக்கொள்வோம்.

இதற்கென்று ஒரு கருத்து வரலாறு இருக்கிறது. 1983இல் டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கர் தொழில்முறை அறிவு பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: பல்கலைக்கழகம் கற்பிக்கும் கோட்பாடுகள் மேட்டு நிலத்தில் நன்றாக வேலை செய்யும், ஆனால் மனிதருக்கு உண்மையில் முக்கியமான பிரச்சினைகள் கீழே சேற்று நிலத்தில்தான் கிடக்கின்றன. சேற்றில் நிற்பவர் செய்துகொண்டே யோசிக்கிறார், செய்து முடித்த பிறகும் யோசிக்கிறார், அந்த யோசனையும் ஒரு அறிவுதான் என்பது அவரது வாதம். மறுவருடம் பற்றீசியா பெனர் என்ற தாதி, கற்றுக்குட்டி நிலையிலிருந்து கைதேர்ந்த நிலை வரை ஒரு தாதி கடக்கும் ஐந்து படிகளைப் பற்றி எழுதினார். விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரரையும் வைத்துச் செய்யப்பட்ட ஆய்வொன்றின் மாதிரியை அவர் வாட்டுக்குள் கொண்டுவந்தார். நோயாளியின் முகத்தைப் பார்த்தே 'இது சரியில்லை' என்று இரத்த அழுத்தம் விழ முன்னரே சொல்லும் மூத்த தாதியை மருத்துவ உலகம் அதுவரை 'அனுபவசாலி' என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடும். பெனர் அவருக்குத் தெரிந்ததை அறிவு என்றார். 1988இல் கிரஹாம் கிப்ஸ் ஆறு படிகள் கொண்ட ஒரு வட்டம் வரைந்தார்: விபரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த முறைக்கான திட்டம். இன்று எந்தத் தாதி மாணவியைக் கேட்டாலும் இந்த வட்டத்தை நித்திரையிலும் வரைந்து காட்டுவாள். வட்டம் வரையத் தெரிந்த எல்லோருக்கும் மீள்நோக்கத் தெரியும் என்றில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் என்னுடைய ஒரு குறிப்பு. ஆளை அடையாளம் காணாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

இங்கு பதிவு கிடைத்து இரண்டாவது வருடம். எலும்பு முறிவு வாட்டில் இரவுக் கடமை. இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்த எங்கள் ஊர் அம்மா ஒருவர் வந்திருந்தார். எழுபது வயது தாண்டியவர், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. தமிழ்த் தாதி இருக்கிறாள் என்பதால் அவரை என் பக்கம் போட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நோ இருக்கிறதா, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டு அட்டவணையில் பதிய வேண்டும். "அம்மா, நோ இருக்கோ?" என்றேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை. நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ" என்றார். பூச்சியம் என்று எழுதினேன். இரண்டு மணிக்கும் பூச்சியம், ஆறு மணிக்கும் பூச்சியம். கேட்டால் மட்டும் கொடுக்கும்படி எழுதப்பட்டிருந்த மோர்பீனை அவர் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை.

மறுநாள் இரவு என்னுடன் இருந்த ஜமேக்காப் பெண், தாதியல்ல, உதவியாளர், என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உன்னுடைய அம்மா பொய் சொல்கிறா." அவரைப் பக்கம் திருப்பும்போது கட்டில் கம்பியை எப்படிப் பிடிக்கிறார் பார் என்றாள். பார்த்தேன். விரல் முட்டுகள் வெளுத்திருந்தன. மூச்சை ஆழமாக எடுக்கவில்லை. இருமலை விழுங்கினார். சத்திரசிகிச்சை முடிந்த வயோதிபர் ஒருவர் நோவுக்குப் பயந்து இருமாமலும் அசையாமலும் கிடந்தால் என்ன நடக்கும் என்பது முதலாம் வருடப் பாடம்: நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், குதியிலும் நாரியிலும் படுக்கைப்புண் வரும். மறுநாள் அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. நியுமோனியா. தப்பிவிட்டார். ஆனால் ஐந்து நாளில் வீடு போயிருக்க வேண்டியவர் மூன்று கிழமை கிடந்தார்.

மார்கோ மக்கஃபெரி என்ற அமெரிக்கத் தாதி 1968இல் வேதனைக்கு ஒரு வரையறை கொடுத்தார். அனுபவிப்பவர் எதை வேதனை என்று சொல்கிறாரோ அதுவே வேதனை, அவர் இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் அது இருக்கிறது என்பதே அதன் சாரம். நோயாளியை நம்பாத வைத்தியர்களுக்கு எதிராக வந்த வரையறை, நல்ல வரையறை. ஆனால் அது சொல்லுகிற மனிதரை எதிர்பார்க்கிறது. எங்கள் அம்மா சொல்லுகிறவர் அல்ல. நோவைச் சொல்வது பிறருக்குக் கரைச்சல் கொடுப்பது என்று வளர்ந்தவர். அதுவும், நான் கேட்ட முதல் தடவை மகன் பக்கத்தில் நின்றார். இன்னொன்று, பத்தில் எத்தனை என்பது அவருக்கு ஒரு கேள்வியே அல்ல. எங்களிடம் நோ இருக்கிறது, உளைவு இருக்கிறது, குத்து, கடுப்பு, எரிவு, வலிப்பு, விண் விண் என்று தெறிப்பது எல்லாம் இருக்கிறது. பிறகு "கால் உளையுதோ, குத்துதோ?" என்று கேட்டபோது அந்த அம்மா பத்து நிமிடம் விபரமாகச் சொன்னார். அந்தச் சொற்களெல்லாம் எனக்குத் தெரிந்தவைதானே. ஏன் முதல் நாள் கேட்கவில்லை?

பாஷை தெரிந்ததால் நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதுதான் நடந்தது. பாஷை தெரியாத அந்த ஜமேக்காப் பெண் கையைப் பார்த்தாள்.

இதை நான் ஒரு வகுப்புக்காக எழுதியபோது முதற்பிரதி வேறு மாதிரி இருந்தது. 'நோயாளருடனான தொடர்பாடலை மேம்படுத்த வேண்டும் என்பதை உணர்ந்தேன், எனது கலாச்சாரப் பின்னணியை நான் கூடுதலாக...' என்று இரண்டு பக்கம். வட்டத்தின் ஆறு படிகளும் ஒழுங்காக இருந்தன. விரிவுரையாளர் ஒரு வயதான ஸ்கொட்லாந்துப் பெண். ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்வி எழுதியிருந்தார். அன்றிரவு உனக்கு எத்தனை நோயாளர்? நீ கேட்டபோது நின்றாயா, இருந்தாயா? இரண்டு மணிக்கு உண்மையில் கேட்டாயா, அல்லது முதல் எழுதியதைப் பார்த்து எழுதினாயா?

பதினான்கு நோயாளர். நின்றுகொண்டுதான் கேட்டேன். இரண்டு மணிக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது பதிலை எழுத எனக்கு ஒரு கிழமை எடுத்தது. அதை எழுதிய பிறகுதான் அது ஒரு மீள்நோக்கு ஆகியது என்று நினைக்கிறேன். முதற்பிரதியில் வருத்தம் நிறைய இருந்தது, நடந்தது இருக்கவில்லை.

இந்த இடத்தில் எம்மவர் பலருக்கும் ஒரு சொல் ஞாபகம் வரும்: சுயவிமர்சனம். எண்பதுகளில் இயக்கங்களிலும் இடதுசாரிக் குழுக்களிலும் இருந்தவர்களுக்கு இந்தச் சொல் எப்படிப் புழங்கியது என்று நான் சொல்லத் தேவையில்லை. எழுதித் தா என்பார்கள். எழுதிக் கொடுத்தது பிறகு யாருடைய கையில் என்னவாகியது என்பதும் இந்தச் சஞ்சிகைகளைப் படிப்பவர்களுக்குத் தெரிந்த கதை. சுயவிமர்சனம் மற்றவர்கள் செய்ய வேண்டியதாகவே பெரும்பாலும் இருந்தது. ஆகவே எனக்கு இங்கே முதன்முதலில் 'உன் தவறைப் பற்றி எழுது' என்றபோது வயிறு கலங்கியது. நான் மட்டும் பயந்தவள் அல்ல. ஈரானிலிருந்து வந்த ஒரு சகதாதியும் அதே வகுப்பில் அதேபோலப் பயந்தாள். அவளும் நானும் முதல் தவணை முழுவதும் நாங்கள் வெற்றி பெற்ற சம்பவங்களையே எழுதினோம்.

அந்தப் பயம் முழுக்க ஆதாரமற்றதல்ல. லெஸ்டரில் 2011இல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ஆஸ்பத்திரியில் இறந்தது தொடர்பாக 2015இல் ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அன்று வாட்டில் ஆள் பற்றாக்குறை இருந்தது, கணினி அமைப்புப் பழுதாகியிருந்தது. 2018 ஜனவரியில் அந்த வைத்தியரின் பெயர் பதிவிலிருந்து நீக்கப்பட்டபோது, அவர் எழுதிய மீள்நோக்குக் குறிப்புகளே அவருக்கு எதிராகப் பயன்பட்டன என்ற செய்தி நாடு முழுவதும் பரவியது. அந்தக் குறிப்புகள் வழக்கில் சாட்சியமாக முன்வைக்கப்படவில்லை என்று அவருக்காக நின்ற அமைப்பு பிறகு விளக்கம் சொன்னது. அதே வருடம் ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கத்தையும் இரத்துச் செய்தது. ஆனால் பயம் தங்கிவிட்டது. அந்த வருடம் எங்கள் வாட்டில் எழுதப்பட்ட குறிப்புகளைப் பார்த்தால், தவறு செய்த தாதி ஒருவர்கூட இருந்ததில்லை என்று தோன்றும்.

இதைவிட ஆழமான பிரச்சினை ஒன்று இருக்கிறது. மீள்நோக்குக் குறிப்பில் எழுவாய் எப்போதும் 'நான்'. பதினான்கு பேருக்கு ஒரு தாதி என்று தீர்மானித்தவர் அந்த வாக்கியத்துக்குள் வருவதில்லை. ஸ்டஃபோர்ட் ஆஸ்பத்திரியில் 2005க்கும் 2009க்கும் இடையில் நடந்தவற்றை விசாரித்த றொபேர்ட் பிரான்சிஸின் அறிக்கை 2013 பெப்ரவரியில் வந்தது. 290 சிபாரிசுகள். நிர்வாகம் ஒரு அந்தஸ்தை அடைவதற்காகச் செலவைக் குறைத்தது, ஆட்களைக் குறைத்தது. தண்ணீர் எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டு நோயாளர் கிடந்தார்கள், அழுக்குப் படுக்கையில் கிடந்தார்கள். அந்த அறிக்கை வந்ததும் எல்லா இடத்திலும் 'பரிவு' பற்றிய வகுப்புகள் தொடங்கின. எங்களுக்கும் நடந்தது. பரிவு இல்லாததால்தான் தண்ணீர் கொடுக்கவில்லை என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். சில இடங்களில் அதுவும் உண்மை. ஆனால் பரிவைக் கற்பிப்பது ஆள் போடுவதைவிட மலிவானது என்பதும் உண்மை.

1960இலேயே இசபெல் மென்சிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனின் ஒரு போதனா வைத்தியசாலையில் செய்த ஆய்வை வெளியிட்டிருந்தார். மரணத்தையும் அழுகலையும் ஒவ்வொரு நாளும் தொடவேண்டியிருப்பதால் வரும் பதகளிப்பைத் தாங்க முடியாமல், ஆஸ்பத்திரி என்ற அமைப்பே தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறது என்றார். ஒரு தாதி ஒரு நோயாளியைப் பார்ப்பதில்லை. ஒருத்தி எல்லோருக்கும் வெப்பமானி வைப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் பெட்பான் வைப்பாள். நோயாளிக்குப் பெயர் இல்லை, கட்டில் இலக்கம் இருக்கும், அல்லது பழுதான உறுப்பு இருக்கும். மென்சிஸைப் படித்தபோது நான் ஊரைத்தான் நினைத்தேன்.

ஊரில் எங்களை 'மிஸி' என்பார்கள். மூன்று வருடப் பயிற்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை. காயம் கட்டும் துணியைக் கழுவி அவித்துத் திரும்பவும் பாவித்தோம். ஜாம் போத்தல் விளக்கில் நாளம் தேடி ஊசி ஏற்றினோம். அந்த நாட்களில் நாங்கள் கற்றது எவ்வளவு என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. ஒன்றும் எழுதி வைக்கப்படவில்லை. றிப்போர்ட் புத்தகத்தில் நோயாளியைப் பற்றி நாலு வரி இருக்கும். எது இல்லாதபோது எதை வைத்துச் சமாளித்தோம், எது பிழைத்தது, யாரை முதலில் பார்ப்பது என்று எப்படி முடிவெடுத்தோம் என்பது எதிலும் இல்லை. அதைச் செய்த மூத்த மிஸிமாரில் பலர் இப்போது இல்லை.

ஆனால் அந்தக் காலத்தை வெறும் வீரக்கதையாக எழுத எனக்கு விருப்பமில்லை. பிள்ளைப்பேற்று வாட்டில் வலியில் கத்தும் பெண்களை நாங்கள் ஏசினோம். நானும் ஏசினேன். எங்களுக்கு மேலிருந்தவர்கள் ஏசினார்கள், நாங்கள் ஏசினோம், அது பயிற்சியின் ஒரு பகுதி போலவே இருந்தது. ஏழைப் பெண்களுக்குத்தான் கூடுதல் ஏச்சு. இன்னொன்று: நோயாளியின் உடம்பைக் கழுவுவது எங்கள் வேலை என்று நாங்கள் நினைக்கவில்லை. அது அற்றெண்டன்மாரின் வேலை, அல்லது வீட்டுக்காரரின் வேலை. மலம், சலம், அழுக்குத் துணி என்பவற்றை யார் தொடுவது என்பதில் எங்கள் சமூகத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறதே, அதுதான் வாட்டிலும் வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு நின்றது. மென்சிஸ் சொன்ன சுவரில் எங்களுடையது இன்னொரு கல்லாலும் கட்டப்பட்டது. அதற்கு அவரிடம் சொல் இருந்திருக்க நியாயமில்லை. எங்களிடம் இருக்கிறது, சாதி.

லண்டன் வந்து பதிவு கிடைக்கும்வரை வயோதிபர் இல்லத்தில் கெயரராக நின்றேன். ஒரு மனித உடம்பைத் தலையிலிருந்து கால்வரை கழுவுவதை முதன்முறை அங்கேதான் முறையாகக் கற்றேன், தாதியாக வேலை செய்து சில வருடங்களின் பின். முதலில் முகம், கடைசியில் பின்புறம். கழுவாத பகுதியைத் துவாயால் மூடி வைத்திருக்க வேண்டும். செய்யும் ஒவ்வொன்றையும், கேட்கிறாரோ இல்லையோ, சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். கழுவும்போதுதான் குதியில் சிவப்பைக் காண்பீர்கள், வயிறு ஊதியிருப்பதைக் காண்பீர்கள், மெலிந்துவிட்டதைக் காண்பீர்கள். நோயாளியைப் பற்றி அட்டவணையில் இல்லாத பாதி அங்கே இருக்கிறது. அந்த வருடங்களில் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் 'ஆஸ்பத்திரியில் வேலை' என்றே எழுதினேன். இன்றைக்கும் எங்கள் கொண்டாட்டங்களில் 'மகள் நேர்ஸ்' என்பது உரக்கக் கேட்கும். 'மகள் கெயர் ஹோமில்' என்பது மெல்லக் கேட்கும்.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரீட்சைக் கட்டுரையில் 'நான்' என்று எழுதக்கூடாது என்றே எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். இங்கே திடீரென்று 'நான்' எழுது, உன் உணர்வை எழுது என்கிறார்கள். இங்கு பிறந்த மாணவி 'நான் மிகவும் பதற்றமடைந்தேன்' என்று இலகுவாக எழுதிவிடுவாள். நாங்களும் பிலிப்பைன்ஸ், கேரளம், நைஜீரியாவிலிருந்து வந்தவர்களும் 'நோயாளியின் இரத்த அழுத்தம் 80க்கு 50' என்று எழுதுவோம். போதிய மீள்நோக்கு இல்லை என்று புள்ளி குறையும். பிறகு என்ன, பதற்றம் என்ற சொல்லை இரண்டு இடத்தில் போடப் பழகிக்கொண்டோம். நடக்காத சம்பவத்தைக் கற்பனை செய்து எழுதிச் சித்தியடைந்தவர்களையும் தெரியும். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த எழுத்து வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் கிப்ஸின் வட்டத்தோடு அந்த ஸ்கொட்லாந்துப் பெண்ணின் பென்சில் கேள்விகளையும் சேர்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இப்போது என் குறிப்பின் முதல் வரியில் எத்தனை நோயாளர், எத்தனை தாதியர், எத்தனை மணி என்று போடுகிறேன். அதை எடுத்துவிடும்படி ஒருமுறை மேலிடத்திலிருந்து சொன்னார்கள். எடுக்கவில்லை. இளம் தாதியருடன் பேச இருக்கும்போதும் முதலில் அதையே கேட்கிறேன். அதற்குப் பிறகு, "நீ நின்றாயா, இருந்தாயா?"

இந்த முறைக்கான நான்கு குறிப்பு எழுதியாகிவிட்டது. ஐந்தாவது மிச்சம். அதற்கான சம்பவம் 2020 ஏப்ரலில் நடந்தது. போன முறையே எழுதியிருக்க வேண்டும். பார்வையாளருக்கு அனுமதி இல்லாத நாட்கள். எங்கள் ஆள் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையுறைக் கையில் ரெலிபோனை அவர் காதருகே பிடித்தபடி, மறுகையால் அவர் கையைப் பிடித்தபடி நின்றேன். மனைவியும் பிள்ளைகளும் ஒருவர் மாறி ஒருவர் பேசினார்கள். அந்த வாட்டில் அதெல்லாம் விளங்கியது எனக்கு மட்டும். கணவனுக்கு மட்டும் சொல்ல வேண்டியதை அந்த மனைவி சொன்னபோது நான் அங்கே நிற்கிறேன் என்பதும், எனக்குத் தமிழ் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது. கடைசியில் மகன் ஆங்கிலத்தில் கேட்டான், அப்பாவுக்குக் கேட்கிறதா என்று. "கேக்குது தம்பி" என்றேன். மறுமுனையில் யாரும் பேசவில்லை.

கேட்டதா என்பது எனக்குத் தெரியாது. படிவத்தின் கடைசிப் பெட்டியில், இந்தச் சம்பவம் ஒழுக்கக் கோவையின் நான்கு பகுதிகளில் எதனுடன் தொடர்புடையது என்று எழுத வேண்டும். மக்களை முதன்மைப்படுத்தல், திறம்படச் செயற்படல், பாதுகாப்பைப் பேணல், நம்பிக்கையை வளர்த்தல். அந்தப் பெட்டி இன்னும் வெறுமையாக இருக்கிறது.